எடுபிடி

அந்த அடிக்குறிப்பை நீக்கியது நான்தான். நாஜி முகாமில் இருந்த ஒருவரின் நினைவுக்குறிப்பு, அதன் தமிழ் மொழிபெயர்ப்புக்கு நான் பதிப்பாசிரியர். மூன்று வருடம் ஆகிறது, புத்தகம் இரண்டாம் பதிப்பும் தீர்ந்துவிட்டது.

சொல் 'பீப்பல்'. நாஜி முகாம்களில் கப்போ என்கிற கைதி மேஸ்திரிகளுக்கும் பிளாக் என்கிற கைதிக் கொட்டடிகளின் தலைவர்களுக்கும் ஏவல் செய்த சிறுவர்களை அப்படித்தான் அழைத்தார்கள். படுக்கை விரிக்க வேண்டும், பூட்ஸ் துடைக்க வேண்டும். கைமாறாக அண்டாவின் அடியிலிருந்து சூப் கிடைக்கும், அதில்தான் உருளைக்கிழங்கு தட்டுப்படும். அந்தச் சூப்புக்கு இன்னொரு விலையும் இருந்தது. பல சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு ஆளானார்கள். நினைவுக்குறிப்பை எழுதியவர் அதை ஒரே வரியில் பூடகமாகத் தாண்டிப் போயிருந்தார்.

மொழிபெயர்த்த அம்மா 'எடுபிடி' என்று போட்டு, கீழே நான்கு வரி விளக்கம் வைத்திருந்தார். நான் அடித்துவிட்டேன். மெய்ப்பைப் பார்த்துவிட்டு போன் செய்தார்.

"ஏன் சார் எடுத்துட்டீங்க?"

"அவரே சொல்லாம விட்டதை நாம எதுக்கும்மா சொல்லணும்?"

"முகாம்ல இருந்தவங்களுக்கு பீப்பல்னா என்னன்னு தெரியும் சார். திண்டுக்கல்ல படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?"

"புரியும்மா" என்றேன். புரியாது. எடுபிடி என்றால் நமக்குக் கல்யாண வீட்டில் ஓடியாடுகிற பையன்.

ஆனாலும் நான் செய்தது தப்பா? புத்தகத்தில் அந்தப் பையனுக்குப் பெயர் இருக்கிறது. பெயரோடு வருகிறவன் மேல் இதை ஏற்ற எனக்கு என்ன உரிமை? சரி, குறிப்பு அந்தச் சொல்லைப் பற்றியதுதானே, பையனைப் பற்றியது இல்லையே. இது அன்றைக்குத் தோன்றவில்லை. அன்றைக்குத் தோன்றியது வேறு: நூலக ஆர்டருக்குப் புத்தகம் போக வேண்டிய வாரம் அது. அந்த அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

பதிமூன்று வயது பீப்பல் ஒருவன், படுக்கையைச் சரியாக விரிக்கவில்லை என்று சொந்த அப்பாவையே அடித்ததைப் பார்த்ததாக, முகாமிலிருந்து உயிர் தப்பிய எழுத்தாளர் எலீ வீசல் எழுதியிருக்கிறார். விவரம் தெரியாமல் படித்தால் அவன் வெறும் துஷ்டப் பிள்ளை. ஆஷ்விட்ஸ் என்கிற நாஜி முகாமில் வந்து இறங்கிய சிறுவர்களில் பெரும்பாலோர் அன்றைக்கே விஷவாயுவுக்குப் போனார்கள், சிலர் வயதைக் கூட்டிச் சொல்லித் தப்பினார்கள். அப்படித் தப்பிய பிள்ளை எந்தக் கையில் போய் விழுந்தான் என்பதைத்தான் நான் அடித்திருக்கிறேன்.

அடித்தேனா, மூடி வைத்தேனா? சில நாள் இரண்டும் ஒன்றாகத் தெரிவதில்லை.

போன வாரம் மூன்றாம் பதிப்புக்கு மெய்ப்பு வந்தது. அந்தப் பக்கத்தின் அடியில் நான்கு வரிக்கு இடம் இருக்கிறது. பழைய கோப்பைத் தேடிக் குறிப்பை எடுத்து வைத்துவிட்டேன். அந்த அம்மாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை.