தெரிந்த கடன்

1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் உள்ள 360-ஆவது பிரிவை, உயிலை நிறைவேற்றுபவருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு என்றே கட்சிக்காரர்களுக்கு விளக்கி வந்திருக்கிறேன். இறந்தவருக்குக் கடன் கொடுத்தவர்கள் தங்கள் கோரிக்கையை அனுப்புமாறு உயர் நீதிமன்ற விதிகளின்படி அறிவிப்பு வெளியிட்டு, அதில் குறித்த கெடுவும் முடிந்துவிட்டால், நிறைவேற்றுநர் தமக்குத் தெரிந்த கடன்களைத் தீர்த்துவிட்டு மீதியைப் பகிர்ந்து கொடுக்கலாம். பகிர்ந்த நேரத்தில் தமக்குத் தெரியவராத கோரிக்கைக்கு அவர் பொறுப்பாக மாட்டார். தெரியாமல் போன கடன்காரர் பின்னால் வந்தால், சொத்தைப் பெற்றவர்களைத்தான் அவர் தொடர்ந்து போக வேண்டும். ஒரு கடன் எப்படித் தெரிந்த கடனாகிறது என்பதைப் பற்றி, ஒரு கட்சிக்காரர் என்னிடம் நேராகக் கேட்கும்வரை நான் யோசித்ததே இல்லை.

அவருடைய சித்தி, திருமணம் செய்துகொள்ளாமல் மயிலாப்பூரில் வாழ்ந்து மறைந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. உயிலில் நிறைவேற்றுநராக இவரையே நியமித்திருந்தார். கடைசிக் காலத்தில் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தவரும் இவர்தான்; இதைச் சொல்லாமல் விட்டால் பின்னால் நான் எழுதப்போவது அவருக்கு அநியாயமாகிவிடும். புரொபேட், அதாவது உயில் மெய்யானது என்று நீதிமன்றம் தரும் சான்று, கேட்கும் மனுவுக்குச் சொத்து விவரம் தயாரிக்க, வீட்டில் இருக்கும் காகிதங்கள் அத்தனையையும் கொண்டுவரச் சொன்னேன். பாஸ்புக், சொத்துவரி ரசீது, ஓய்வூதிய ஆணை இவற்றோடு ஒரு வீட்டுக் கணக்கு நோட்டும் வந்தது. அதில் சமையல் செய்த அம்மாவின் சம்பளத்துக்கு எதிரே, மாதத்துக்கு மாதம், "வாங்கிக்கொள்ளவில்லை, என்னிடம் இருக்கிறது" என்று எழுதியிருந்தது. ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் மொத்தத் தொகையைக் கூட்டி, ஆசிரியை கையொப்பம் இட்டிருந்தார். கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று சம்பளத்தை வீட்டுக்காரம்மாவிடமே விட்டுவைப்பது நம் ஊரில் புதிதல்ல.

அந்தக் கையொப்பங்கள்தான் எல்லாவற்றையும் மாற்றின. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம், 18-ஆவது பிரிவின்படி, கெடு முடிவதற்குள் கையொப்பமிட்டு எழுதிய ஒப்புதல் ஒவ்வொன்றும் கடனுக்கான கெடுவைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். ஆகவே மூன்றாண்டுக் கெடு கடந்துவிட்டது என்று இந்தக் கடனை ஒதுக்க வழி இல்லை. போதாததற்கு, வாரிசுரிமைச் சட்டத்தின் 322-ஆவது பிரிவு, இறப்புக்கு முந்தைய மூன்று மாதங்களில் வீட்டு வேலை செய்தவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை, ஈமச் செலவுக்கும் புரொபேட் செலவுக்கும் அடுத்தபடியாக, மற்றக் கடன்களுக்கு முன்னால் வைக்கிறது.

புரொபேட் கிடைத்தது. விளம்பரக் கெடுவும் முடிந்தது. யாரும் எழுதவில்லை. "பேப்பர்ல போட்டாச்சு மேடம், அந்தம்மா பேப்பர் பார்க்கலைன்னா நான் என்ன செய்ய முடியும்?" என்றார். விளம்பரம் நமக்குத் தெரியாதவர்களுக்காக, இவரை நமக்குத் தெரியும் என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், "அந்த நோட்டை நீங்க கேட்காம இருந்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்காது இல்லையா?" என்று கேட்டார். "கேட்டாச்சு சார். இனிமே தெரியாதுன்னு நீங்க சத்தியம் செஞ்சு சொல்ல முடியாது" என்றேன்.

சட்டப்படி அந்தப் பதிலில் குறை இல்லை. 317-ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஓராண்டுக்குள் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். கைக்கு வந்த சொத்து எப்படிச் செலவிடப்பட்டது என்பதை அந்தக் கணக்கு காட்ட வேண்டும். வேண்டுமென்றே பொய்யாகக் காட்டுவது குற்றம். அந்தக் குற்றத்திலிருந்து அவரைக் காப்பது என் வேலை. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. தெரிந்த பிறகு என்ன செய்வது என்று அவர் கேட்கவில்லை. தெரியவைத்தது யார் என்றே கேட்டார்.

இதற்கு நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் நியாயம் ஒன்று உண்டு. இறந்தவரின் சொத்தையும் அவருக்கு வரவேண்டிய பாக்கியையும் உரிய கவனத்தோடு திரட்டுவது நிறைவேற்றுநரின் கடமை. காகிதங்களைப் படிக்காமல் அதை எப்படிச் செய்வது? அந்த நோட்டில் ஆசிரியைக்கு யாராவது தர வேண்டிய தொகை இருந்திருந்தால் அதே கட்சிக்காரர் எனக்கு நன்றி சொல்லியிருப்பார். வரவைத் தேடுகிற கண்ணுக்குச் செலவும் படத்தான் செய்யும். இப்படி நினைக்கும்போது மனம் அமைதியாகிறது. பிறகு, பாஸ்புக்கையும் பத்திரத்தையும் மட்டும் கேட்டு வாங்கி வேலையை முடிக்கிற அலுவலகங்களும் உண்டு, அங்கே போயிருந்தால் இவர் எந்தக் குற்றமும் செய்யாமல், சட்டத்தின் முழுப் பாதுகாப்போடு, நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார் என்ற நினைப்பு வருகிறது. தேடாதவருக்குச் சாதகமாக ஒரு சட்டம் அமையலாமா? விசாரித்தால் தெரியவரக்கூடிய கடன்காரருக்கு விளம்பரம் மட்டும் போதாது, நேரடியாக அறிவிப்பு தர வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்ததைப் பின்னாளில் படித்தபோது, அது நமக்கும் வேண்டும் என்று தோன்றியது. அந்த எண்ணத்தில் என் கட்சிக்காரருக்கு இடம் எங்கே என்பது தனிக் கேள்வி.

சமையல் செய்த அம்மா, ஆசிரியை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோதே ஊருக்குப் போய்விட்டார். அவரும் இறந்துவிட்டதாகக் குடியிருப்புக் காவலாளி சொன்னாராம். இறந்திருந்தாலும் கடன் போகாது, வாரிசுகளுக்குச் சேரும். ஆகவே இறப்பைத் தேட வேண்டியதாயிற்று. இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகும், வாழ்ந்த ஊரில் அல்ல என்பதால் எங்கே தேடுவது என்பதே முதல் சிக்கல். நோட்டில் இருந்தது கூப்பிடும் பெயர். வாக்காளர் பட்டியலில் வேறு பெயர். இரண்டு பெயர்களிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் அருகிலுள்ள நகராட்சியிலும் தேடினோம். கிடைத்தது, பதிவேட்டில் பதிவு இல்லை என்ற சான்று. குறித்த ஆண்டுகளில், குறித்த பெயரில், அந்த அலுவலகத்தின் ஏட்டில் பதிவு இல்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அவர் உயிரோடு இருக்கிறார் என்றும் சொல்லாது. எந்த அலுவலகம், எந்த ஆண்டுகள், எந்தப் பெயர்கள், யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றையும் தேதியிட்டுக் கோப்பில் எழுதினேன். கணக்கோடு நீதிமன்றத்தில் காட்ட அதுதான் நம்மிடம் இருக்கும் ஆதாரம். அதற்கான செலவும் ஆசிரியையின் சொத்திலிருந்தே போனது.

விசாரணை ஊரில் பேச்சாகி, அந்த அம்மாவின் தங்கை மகன் என்று ஒருவர் வந்தார். பெரியம்மா வெளியூர் போன இடத்தில் இறந்துவிட்டார், பதிவு செய்யவில்லை என்றார். நிறைவேற்றுநர் அன்றே அவரிடம் பணத்தைக் கொடுத்துவிட முன்வந்தார். நான் தடுத்தேன். ஓராண்டு கடந்த இறப்பைப் பதிய நடுவரின் உத்தரவு வேண்டும். பெரியம்மாவுக்குக் குழந்தைகள் இல்லை, கணவர் முன்பே போய்விட்டார் என்று வந்தவரே சொன்னார். அப்படியானால் 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15-ஆவது பிரிவின்படி, அவர் உழைத்துச் சேர்த்த பணம் முதலில் கணவரின் வாரிசுகளுக்கே போகும். உடன்பிறந்தவளின் மகன் அவர்களுக்குப் பின்னால்தான். "கொடுக்கணும்னும் சொல்றீங்க, கொடுக்கக் கூடாதுன்னும் சொல்றீங்க" என்று நிறைவேற்றுநர் சொன்னபோது எனக்குப் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பதில் அவருக்கும் உதவாது, வந்தவருக்கும் உதவாது என்பது சொல்லும்போதே தெரிந்தது. வந்தவரின் முகத்தில் பொய் தெரியவில்லை. ஆனால் முகத்தைக் கணக்கில் காட்ட முடியாது.

முடிவைச் சீனியர் சொன்னார். அந்தத் தொகையைத் தனி வைப்பாகப் போட்டுவிட்டு மீதியைப் பகிர்ந்து கொடுத்தோம். தாக்கல் செய்த கணக்கில் அது தீர்க்கப்படாத கடன் என்றே இருக்கிறது. ஏழாண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளும் விதி, பழைய சாட்சியச் சட்டத்தில் 108-ஆவது பிரிவாக இருந்தது, இப்போது பாரதிய சாட்சியச் சட்டத்தில் 111 ஆகியிருக்கிறது. அதன் பலனும் தானாக வராது. யாராவது நீதிமன்றத்துக்கு வந்து கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு, முதல் சந்திப்பிலேயே சமையல், வீட்டுவேலை, ஓட்டுநர், இரவுச் செவிலி என்று ஒவ்வொருவரைப் பற்றியும் கேட்கிறேன். அதற்கும் முன்பாக, ஒரு கடன் தெரியவந்தால் அது எப்படிக் கட்டுப்படுத்தும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கட்சிக்காரர் அறிந்தே காகிதங்களைத் தர வேண்டும், அதுதான் அவருக்கு நான் செய்யும் நேர்மை என்று நினைக்கிறேன். அண்மையில் அப்படிச் சொல்லிக் கேட்டுக்கொண்ட ஒருவர், மேசைமேல் வைத்த பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய், மறுவாரம் பாஸ்புக்கையும் கிரயப் பத்திரத்தையும் மட்டும் கொண்டுவந்தார். மற்றக் காகிதங்கள் எங்கே என்று கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை என்றார். அதையும் தேதியிட்டுக் கோப்பில் எழுதி, அவரிடம் கையொப்பம் வாங்கியிருக்கிறேன்.