கைமுடிச்சுச் சுங்குடியை இன்ஸ்டாகிராமில் விற்ற அனுபவம்

மதுரையில் சுங்குடிச் சேலைக்குப் பஞ்சமே இல்லை. மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எந்தத் துணிக்கடையில் கேட்டாலும் எடுத்துப் போடுவார்கள். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அச்சடித்தவை. துணியில் நூலால் ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்து வெள்ளைப் புள்ளிகளை வரவழைக்கும் பழைய சுங்குடி வேறு. எங்கள் வீட்டில் அத்தையும் பக்கத்துத் தெருப் பெண்கள் சிலரும் செய்வது அந்த வேலைதான். 2005-ல் மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும், கடைக்காரர்கள் அச்சுச் சேலையின் விலையை வைத்துத்தான் எங்களிடம் பேரம் பேசினார்கள். கட்டிக்கொள்ளப் போகிறவரிடமே நேராகப் பேசுவோம் என்று இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கினோம்.

கணக்கு தொடங்குவது ஐந்து நிமிட வேலை, பைசா செலவில்லை. சேலையைப் படத்தில் காட்டுவதுதான் பெரிய பாடு. முழுச் சேலையை விரித்துப் படம் எடுத்தால் அச்சுக்கும் முடிச்சுக்கும் வித்தியாசமே தெரியாது. பக்கத்தில் போனால்தான் தெரியும். கைமுடிச்சில் ஒரு புள்ளி போல இன்னொன்று இருக்காது. வட்டத்தின் ஓரத்தில் சாயம் லேசாகக் கசிந்திருக்கும், துணி அங்கங்கே சுருங்கிப் புடைத்திருக்கும். அதனால் ஒவ்வொரு பதிவிலும் முதல் படம் புள்ளிகளை நெருங்கி எடுத்தது, அடுத்தது முந்தானை, அதற்கப்புறம்தான் கட்டிக்கொண்டு நிற்கும் படம் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்த சிக்கல் நிறம். போன் கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்யும்போது அரக்கு நிறம் தக்காளிச் சிவப்பாகிவிடும், மயில் கழுத்து நிறம் வெறும் நீலமாகிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் எதுவுமே சரியாக வராது. காலையில் மொட்டை மாடியில், நேர் வெயில் படாத சுவரோரம், பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டு எடுப்பேன். வேட்டி படத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் சேலை நிறமும் கிட்டத்தட்ட சரியாக இருக்கும். ஃபில்டர் கிடையவே கிடையாது. பார்சலைப் பிரித்ததும் "படத்தில் பார்த்த அதே கலர்" என்று ஒருவர் சொன்னால், அடுத்த சேலையை அவரே கேட்டு வாங்குவார்.

2020 ஜூனில் டிக்டாக் தடை செய்யப்பட்டதும், அடுத்த மாதமே இந்தியாவில் இன்ஸ்டாகிராமின் குறு வீடியோ வசதியான ரீல்ஸ் வந்தது. இன்று புதியவர்கள் நம் கணக்கைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அதன் வழியாகத்தான். எங்களுக்குக் கைகொடுத்த ரீல் எது தெரியுமா? சாயம் போட்டுக் காய்ந்த துணியை இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து இழுக்க, முடிச்சு நூல்கள் சடசடவென்று தெறித்து வெள்ளைப் புள்ளிகள் வெளியே வருமே, அது. தொழில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு உரிமைச் சிக்கலால் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது. அதுவே நல்லதாகப் போயிற்று. அந்தச் சத்தத்தை அப்படியே விட்டோம். நிறையப் பேர் அதை அம்மாவுக்கும் சித்திக்கும் அனுப்பியிருந்தார்கள். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே, எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் பிறருக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்றும்தான் முக்கியம் என்றும், நம்மைப் பின்தொடராதவர்களிடம் போய்ச் சேர அனுப்புவது கூடுதலாக உதவும் என்றும் சொல்லியிருக்கிறார். எங்கள் அனுபவமும் அதுதான்.

காசு கொடுத்து பூஸ்ட் செய்தும், அதாவது பதிவை விளம்பரமாக ஓடவிட்டும் பார்த்தோம். விளம்பரத் தொகைக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. லைக் குவிந்தது, ஆர்டர் அந்த அளவுக்கு வரவில்லை. புடவையை ரசிப்பவர் வேறு, பருத்திப் புடவைக்கு இந்த விலை கொடுப்பவர் வேறு. இப்போது முடிச்சு அவிழ்க்கும் ரீலுக்கு மட்டும், அதுவும் பொங்கலுக்கு முன்னால், கொஞ்சம் செலவு செய்கிறோம்.

விலையைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. "விலைக்கு டிஎம் செய்யவும்" (தனிச் செய்தி அனுப்பிக் கேளுங்கள்) என்று போடக் கூடாது. நான் விலையை முதல் வரியிலேயே எழுதுகிறேன், கூடவே அந்தச் சேலைக்கு முடிச்சுப் போட எத்தனை நாள் ஆனது என்பதையும். பேரம் பேசுபவர்கள் குறைந்துவிட்டார்கள். கேட்பவர்களில் வாங்குபவர்கள் அதிகம். இத்தனை நாள் உட்கார்ந்து செய்த வேலைக்கு விலையை மறைப்பானேன்?

நாம் பின்தொடராதவர்கள் அனுப்பும் செய்தி முதலில் 'ரிக்வெஸ்ட்ஸ்' பகுதியில்தான் போய் விழும். புது வாடிக்கையாளர்கள் எல்லாரும் அங்கேதான் காத்திருப்பார்கள். காலையும் மாலையும் அதைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். பேச்சு ஆர்டர் வரை வந்துவிட்டால் வாட்ஸ்அப் பிசினஸுக்கு மாற்றிக்கொள்வோம். முகவரி, பணம், பார்சல் எண் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். முதல் சலவையில் கொஞ்சம் சாயம் போகும், கல் உப்புத் தண்ணீரில் தனியாக ஊறவைத்து அலசுங்கள், சேதம் இருந்தால் மாற்றித் தர பார்சல் பிரிக்கும் வீடியோ வேண்டும் என்பதையெல்லாம் ஸ்டோரியாகப் போட்டு, கணக்கின் முகப்பில் இருக்கும் ஹைலைட்டில் நிரந்தரமாக வைத்திருக்கிறோம். ஸ்டோரி 24 மணி நேரத்தில் போய்விடும், ஹைலைட் நிற்கும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் அனுப்பாதீர்கள், போலியானவை நிறையச் சுற்றுகின்றன. வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே ஸ்பீட் போஸ்டுக்குப் போங்கள். அடுத்தது, படத் திருட்டு. எங்கள் படத்தைப் போட்டு அச்சுச் சேலையைப் பாதி விலைக்கு விற்ற ஒரு கணக்கைப் பார்த்தபோது அத்தைக்கு அழுகையே வந்துவிட்டது. இன்ஸ்டாகிராமின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தில் எங்கள் மூலப் பதிவின் இணைப்பைக் கொடுத்தோம், அந்தப் படம் நீக்கப்பட்டது. அதிலிருந்து நெருங்கி எடுக்கும் படத்தில் முடிச்சுப் போடும் ஒருவருடைய கையும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம். பெயரை ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள், நடுவில் இருக்கும் கையை வெட்டினால் புள்ளியும் சேர்ந்து போய்விடும்.