கடிகாரத்தைக் கழற்றுவது

“ஒத்துக்கொண்டால் திரும்ப எழுதலாம். இல்லையென்றால் சைபர்.”

நான் சொன்னது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் சொன்னதால் அதில் நீயும் இல்லை, நீங்களும் இல்லை. ஆனால் நினைக்கும்போதெல்லாம் என் காதில் அது ‘நீ’ என்றுதான் விழுகிறது. அதுவும் அதட்டுகிற நீ.

பதினொன்றாம் வகுப்பு. ஆர்தர் மில்லரின் ‘தி க்ரூசிபிள்’, 1692இல் அமெரிக்காவின் சேலம் ஊரில் சூனியம் வைத்ததாகப் பலரைத் தூக்கில் போட்ட கதையைச் சொல்லும் நாடகம். அதன் முதல் இரண்டு அங்கங்களிலிருந்து 20 சொற்களுக்குப் பொருள் எழுதும் தேர்வு. அமெரிக்கப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பாப்பெட் என்றால் துணிப் பொம்மை, பேலர் என்றால் முகம் வெளிறுவது என்று போகும். க்ரூசிபிள் என்ற சொல்லை நடத்தும்போது மட்டும் தட்டார் பட்டறையில் பொன் உருக்கும் மூசை எனக்குக் கண்முன் வரும். பிள்ளைகள் இரண்டையுமே பார்த்ததில்லை.

வம்பு வந்தது ‘டிஸெம்பிளிங்’ என்ற சொல்லில். நாடகத்தில் பொய்க் குற்றம் சாட்டுகிற பெண் அபிகெய்ல் மேடைக்கு வரும்போதே மில்லர் அவளுக்குச் சூட்டுகிற குணம் அது. உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றாக நடிப்பது. நான்கு தாள்களில் அதற்கு “ஒரு கடிகாரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றுவது” என்று எழுதியிருந்தது. கழற்றிப் பிரிப்பது என்று பொருள்படும் ‘டிஸஸெம்பிள்’ என்பதோடு குழப்பிக்கொள்வது சகஜம்தான், வருஷத்துக்கு ஒருவராவது செய்வார்கள். ஆனால் கடிகாரம்? நான்கு பேருக்குமா கடிகாரம்?

மதிய இடைவேளையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மூன்று பேர் உடனே ஒத்துக்கொண்டார்கள். ஒரு பையன் நான் வாக்கியத்தை முடிப்பதற்குள்ளேயே. நான்காவதாக வந்த பெண்தான் “நான் காப்பி அடிக்கவில்லை, மிஸ்” என்றாள்.

“நாலு தாளில் ஒரே தப்பு இருக்கிறது.”

“எந்தத் தப்பு?”

“அது உனக்கே தெரியும்.”

தாளை நான் காட்டவில்லை. காட்டினால் அங்கேயே ஒரு கதை கட்டிவிடுவார்கள் என்பது எந்த ஆசிரியருக்கும் தெரிந்த பாடம். அப்போது அதைச் சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன். இப்போதும் முழுக்கத் தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்கப்புறம்தான் அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு, “சரி, மிஸ். திரும்ப எழுதுகிறேன்.”

ஒத்துக்கொண்டாள் என்று குறித்துக்கொண்டேன். மனதுக்குள் ஒரு நிம்மதி, ஒரு சின்ன வெற்றி கூட. அவள் வாயில் ‘காப்பி’ என்ற சொல் வரவே இல்லை என்பது உறைக்கப் பல வாரம் ஆயிற்று.

அதற்கடுத்த வாரம் நடத்தியது, சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட மூதாட்டி ரெபெக்கா நர்ஸை. நாடகத்தில் இல்லாத ஒரு செய்தியை நான் எப்போதும் சேர்த்துச் சொல்வேன். 1692இல் சேலத்தில் ஜூரிகள் முதலில் அவரைக் குற்றமற்றவர் என்றுதான் சொன்னார்கள். தலைமை நீதிபதி மறுபடி யோசிக்கச் சொன்னார். ரெபெக்கா முன்பு சொன்ன ஒரு வார்த்தைக்கு அவரிடமே விளக்கம் கேட்டார்கள். 71 வயது, காது மந்தம், கேள்வி விழவில்லை. பதில் வராததையே குற்றத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். ஜூலை 19 அன்று தூக்கு. இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தழுதழுக்கும், அது பழக்கம். அன்றும் தழுதழுத்தது. மூன்றாவது வரிசையில் அவள் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள்.

வருஷா வருஷம் வகுப்பில் ஒரு கேள்வி வரும்: ஆமாம் என்று சொல்லித் தொலைத்தால் என்ன? சொன்னவர்கள் பிழைத்தார்கள் என்பது உண்மை. முதலில் ஒத்துக்கொண்ட அடிமைப் பெண் டிடுபாவைத் தூக்கில் போடவில்லை. மறுத்தவர்கள்தான் தொங்கினார்கள், மொத்தம் 19 பேர். சாமுவேல் வார்ட்வெல் ஒத்துக்கொண்டவர். பிறகு சொன்னதெல்லாம் பொய் என்று திரும்பப் பெற்றார், அவருக்கும் கயிறு. இதையெல்லாம் பலகையில் இரண்டு பத்தியாக எழுதிக் காட்டுகிறவள் நான்.

சரி, உயிரும் 20 மார்க்கும் ஒன்றா? இல்லை. பள்ளி விதிப்படி போயிருந்தால் நான்கு பேருக்கும் நேரே சைபர், வீட்டுக்குக் கடிதம். நான் தந்தது சலுகை. அந்த நீதிபதிகளும் தாங்கள் காட்டியது கருணை என்றுதான் நினைத்திருப்பார்கள் என்று உடனே தோன்றுகிறது. அப்புறம், இது ரொம்ப மிகை, ஒரு சொல் தேர்வுக்கு இத்தனை நாடகம் வேண்டாம் என்றும் தோன்றுகிறது. மேலும் நான் யாரிடமும் பெயர் கேட்கவில்லை. 1956இல், கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்றக் குழு மில்லரிடம் கேட்டது அதைத்தான். அவர் தன்னைப் பற்றிப் பேசினார், மற்றவர்கள் பெயரைச் சொல்ல மறுத்தார். நான் அப்படியெல்லாம் கேட்கவில்லை. முதல் பையனிடம், பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்டேன். அது வேறு.

டிசம்பரில் வேறு வகுப்புப் பையன் ஒருவன் விட்டுப்போன தேர்வை எழுத வந்தான். வாசலில் நின்று கடைசி நிமிஷத்தில் போனைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். யாரோ எப்போதோ இந்த நாடகத்துக்குச் செய்து வைத்த சொல் அட்டைகள். டிஸெம்பிளிங் அட்டையைத் திருப்பினான். கடிகாரம்.

ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதாமலே நான்கு பேர் ஒரே தப்பை எழுத முடியும். ஒரே அட்டையைப் படித்திருந்தால் போதும். சேலம் வழக்குகளில், அவளுடைய உருவம் ராத்திரியில் வந்து என்னைக் கிள்ளியது என்று சாட்சி சொல்வார்களே, கிள்ளப்பட்டவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற உருவம். நான் வைத்திருந்த சாட்சியமும் எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றுதான், நான் யாருக்கும் காட்டவில்லையே. ஆனால் அப்படியென்றால் மற்ற மூன்று பேர் எதை ஒத்துக்கொண்டார்கள்? உண்மையிலேயே காப்பி அடித்தார்களா, கணக்குப் போட்டார்களா? கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் இந்தத் தடவை நான் எதைத் தருவதாகச் சொல்வது?

அவள் திரும்ப எழுதிய தாள் மட்டும் கோப்பில் இருந்தது. அன்று சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன். நான் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்க, தனியாக, அதே 20 சொற்கள். 17 சரி. பதினொன்றாவது சொல்லுக்கு நிதானமான கையெழுத்தில் எழுதியிருந்தாள்: ஒரு கடிகாரத்தைப் பாகம் பாகமாகக் கழற்றுவது. அதன் மேல் என் சிவப்புப் பேனாவின் பெருக்கல் குறி. ஓரத்தில், அதுவும் என் கையெழுத்தில்தான்: “இன்னும் கவனமாகப் படி.”