தலவாக்கலைச் சரிவுகளில் பனிக்கட்டியாற்றைத் தேடிய ஒன்பது மாதங்கள்

ஜனவரிக் கடைசியில் நுவரெலியாப் பக்கம் உறைபனி கொட்டியது. விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். புல் நுனிகளில் வெள்ளை வெள்ளையாக ஊசிகள் நின்றன. வெயில் ஏறியதும் எல்லாம் கரைந்து போயிற்று. இரண்டு நாள் கழித்து அந்த மலையின் தேயிலைக் கொழுந்து முழுவதும் நெருப்புப் பட்டதைப் போலக் கருகிக் கிடந்தது. ஓர் இரவுக் குளிரே இதைச் செய்யுமென்றால், பனியுகத்தில் இந்த மலைகள் எப்படி இருந்திருக்கும்? இலங்கையின் மிக உயரமான மலையான பிதுருதலாகலையிலிருந்து ஒரு பனிக்கட்டியாறு இறங்கி வந்திருக்குமா?

உயர்தர வகுப்பில் நான் புவியியல் படித்தவன். மொறேன், இடம்பெயர்ந்த பாறை, தொங்கு பள்ளத்தாக்கு என்று பெயர்களை மனப்பாடம் செய்து படமும் வரைந்திருக்கிறேன். நேரில் ஒன்றையும் கண்டதில்லை. எங்கள் லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, சுற்றி யானை அளவு உருண்டைப் பாறைகள் கிடக்கின்றன. பள்ளத்தாக்குகள் அகலமாக விரிகின்றன. கல்லும் களியும் கலந்த மண் ரோட்டு ஓரமெங்கும் தெரிகிறது. படத்தில் வரைந்தவை எல்லாம் இங்கேயே இருப்பது போலத் தோன்றியது. ஒரு நோட்டுப் புத்தகம், பத்து மடங்கு பெரிதாக்கும் வில்லை, திசைகாட்டி, அளவு நாடா, சுத்தியல், மூன்று சல்லடைகள் ஆகியவற்றோடு தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான் எனக்குக் கிடைக்கும்.

முதலில் பனிக்கட்டி எப்படி வேலை செய்கிறது என்று கண்ணால் பார்க்க விரும்பினேன். இதற்கு வீடே போதுமாக இருந்தது. இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்களில் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றின் அடியில் மட்டும் ஒரு பிடி சரளை மணல் போட்டு, இரண்டையும் குளிர்சாதனப் பெட்டியில் உறைய வைத்தேன். உடுப்புத் துவைக்கும் சவர்க்காரக் கட்டிகள் இரண்டை மேசையில் வைத்து, அக்காவின் மகளை அழைத்தேன். மணல் இல்லாத பனிக்கட்டியை அவள் ஒரு சவர்க்காரத்தின் மேல் அழுத்தி இழுத்தாள். மேற்பரப்பு ஈரமாகி வழுவழுப்பானது. ஒரு கோடும் விழவில்லை. மணல் உறைந்த கட்டியை மற்றதன் மேல் இழுத்தபோது சீப்பால் வாரியது போலக் கீறல்கள் விழுந்தன. எல்லாம் ஒரே திசையில், ஒன்றுக்கொன்று இணையாக இருந்தன. சில ஆழமாகத் தொடங்கி மெலிந்து மறைந்தன. வில்லை வைத்துப் பார்த்தால், கீறலின் முடிவில் அதைப் போட்ட மணல் துணுக்கே புதைந்திருந்தது. "மாமா, ஐஸ் கீறவில்லை, கல்தான் கீறியது" என்றாள். பனிக்கட்டி கல்லைப் பிடித்து நிற்கும் கை மட்டுமே என்பதைப் பாடப்புத்தகம் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. பனிக்கட்டியை எடுத்துப் பார்த்தபோது அதன் அடியிலிருந்த மணல் துணுக்குகளிலும் சவர்க்காரம் அப்பியிருந்தது. மெய்யான பனிக்கட்டியாற்றில் இரண்டு பக்கமும் பாறை. அடிப்பாறை கீறப்படும்போது, இழுபடும் கல்லும் தேய்ந்து இஸ்திரிப்பெட்டியின் அடிப்புறம் போலத் தட்டையான முகம் பெறுகிறது. இரண்டும் அரைபட்ட மாவு உருகுநீரில் கலப்பதால்தான் அந்த ஆறுகள் பால் கலந்த நிறத்தில் ஓடுகின்றன.

இதற்குப் பின் வெளியே போனேன். எதைத் தேட வேண்டும் என்பது இப்போது தெரிந்திருந்தது. கீறல் விழுந்த பாறை, தட்டை முகம் கொண்ட கல், வேற்றூர்ப் பாறை, பெரிதும் சிறிதும் பிரியாமல் கலந்து கிடக்கும் சலிக்காத மண் ஆகியவையே அவை. பள்ளத்தாக்கின் வடிவத்தைக் கடைசியில் வைத்தேன். நம் 'ப' எழுத்தைப் போலத் தட்டை அடியும் செங்குத்துச் சுவர்களும் கொண்ட பள்ளத்தாக்கு பனிக்கட்டியாற்றின் அடையாளம்தான். ஆனாலும் கண் தான் விரும்பிய வடிவத்தை எங்கும் கண்டுவிடும்.

பெப்ரவரி மூன்றாம் ஞாயிறு நானுஓயா ரோட்டில் ஒரு பாறை முகத்தில் இணைக் கீறல்களைக் கண்டேன். நெஞ்சு படபடத்தது. பதினான்கு கீறல்கள், ஏறத்தாழ ஒரே திசை. படம் எடுத்து, திசை அளந்து, பாறையின் ஓவியமும் போட்டுக்கொண்டு வந்தேன். ரோட்டு வேலையில் முப்பது வருடம் இருந்த பெரியப்பாவிடம் காட்டினேன். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "தம்பி, இது மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தின் பல் பட்ட இடம். ரோட்டை அகலமாக்கியபோது வந்தது" என்றார். மறுவாரம் திரும்பிப் போய்ப் பார்த்தேன். கீறல்களுக்குள் பாறை நொறுங்கிய வெள்ளைத் தூள் இன்னும் ஒட்டியிருந்தது. பக்கத்தில் எங்கும் பாசி படர்ந்திருக்க, கீறலுக்குள் மட்டும் பாசி இல்லை. கோடுகள் வில்லாக வளைந்து, இயந்திரக் கை எட்டும் தூரத்தில் சட்டென்று நின்றன. பல்லாயிரம் வருடம் வெயிலும் மழையும் பட்ட கீறல் அப்படி இராது. அன்றிலிருந்து ரோட்டு ஓரத்துப் பாறை எதைப் பார்த்தாலும் முதலில் பாசியைத்தான் பார்க்கிறேன்.

பிறகு உருண்டைப் பாறைகள். இவற்றுக்காக நான் மூன்று மாதம் செலவிட்டேன். சரியான செலவு என்றே நினைக்கிறேன்.

ஸ்டோருக்கு (தேயிலைத் தொழிற்சாலைக்கு) போகும் வழியில் சரிவை வெட்டிய இடம் ஒன்று இருக்கிறது. சிவப்பு மண்ணுக்குள் உருண்டைக் கற்கள் பதிந்து நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் பனிக்கட்டியாறு கொண்டுவந்து கொட்டிய படிவின் படம் அப்படியே. ஒரு கல்லைச் சுற்றி மண்ணை மெல்லச் சுரண்டினேன். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே கூர்மையான எல்லை ஏதும் இல்லை. வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக உரிந்தது. வெளி அடுக்கு விரலால் நசுங்கியது. அடுத்ததற்குச் சுத்தியல் வேண்டியிருந்தது. உள்ளே கருநீலமாக மினுங்கும் திடமான சார்னோக்கைட். (இந்தப் பாறையின் பெயர் கல்கத்தாவில் புதைக்கப்பட்ட ஜோப் சார்னொக் என்பவரின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. அந்தக் கல் போனது சென்னைப் பக்கத்திலிருந்து.) அதன் பிறகு கண்டதுதான் என் தேடலைத் திருப்பிப் போட்டது. கல்லுக்குள் சுண்டுவிரல் தடிப்பில் ஒரு வெள்ளைக் குவார்ட்ஸ் நரம்பு ஓடியது. அது கல்லின் விளிம்போடு நிற்கவில்லை. உரிந்த தோல்களைக் கடந்து சிவப்பு மண்ணுக்குள்ளும் அதே சாய்வில், அதே தடிப்பில் ஓடி, ஒன்றரை அடி தள்ளி நின்ற அடுத்த கல்லுக்குள் புகுந்தது. மண்வெட்டி பட்டால் உதிரும் மண்ணில் ஒரு முறியாத கோடு. அப்படியானால் அந்தக் கல் எங்கிருந்தும் வரவில்லை. அந்த மண்ணும் வரவில்லை. இரண்டும் ஒரே பாறையாக இருந்தவை, இருந்த இடத்திலேயே மாறியவை.

பாறையில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் உண்டு. மழைநீர் அவற்றின் வழியே இறங்கிக் கட்டியைச் சுற்றிலும் கரைக்கிறது. முகத்தை ஒரு பக்கமும் விளிம்பை இரண்டு பக்கமும் மூலையை மூன்று பக்கமும் தாக்குவதால் மூலைதான் முதலில் போகிறது. வாயில் போட்ட கற்கண்டு உருண்டையாவதும் இப்படித்தான். மேல்மண் கழுவிப் போனதும் உள்ளே இருந்த உருண்டைகள் சரிவில் தனியே நிற்கின்றன. எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் யானைப் பாறைகளும் அவைதான்.

இதே இடத்தில் தடுக்கியவர்களில் மிகப் பெரிய மனிதர் ஒருவர் உண்டு. பனியுகம் என்ற கருத்தை உலகம் ஏற்கச் செய்த சுவிஸ் அறிஞர் லூயி அகசி, 1865இல் பிரேசிலுக்குப் போனார். ரியோ டி ஜெனீரோவைச் சுற்றிச் சிவப்பு மண்ணில் கிடந்த உருண்டைப் பாறைகளைப் பார்த்து, அங்கேயும் பனிக்கட்டி மூடியிருந்தது என்று முடிவு கட்டினார். அவை வெப்பநாட்டு மழையில் இற்றுப்போன பாறையின் மிச்சங்கள். ஐரோப்பாவில் சரியாகப் பார்த்த கண்ணே வெப்பமண்டலத்தில் ஏமாந்தது. இதைப் படித்தபோது எனக்கு அவர் மேல் மரியாதை குறையவில்லை. ஓர் ஊரின் அடையாளத்தை இன்னோர் ஊருக்குக் கொண்டு போகும்போது எவ்வளவு நிதானம் வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஏப்ரல் விடுமுறையில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனேன். பட்டிப்பொல வரை ரயில், பிறகு வேன். அது தேசியப் பூங்கா. சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிட்டு, டிக்கெட் எடுத்துக்கொண்டு பார்க்க மட்டும் போனேன். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே புல்வெளிகள் அலையலையாக விரிகின்றன; தாழ்ந்த அகன்ற பள்ளங்களில் தண்ணீர் தேங்கிச் சதுப்பாகக் கிடக்கிறது. பனி குடைந்த கிண்ணத்தைத் தேடினேன். மலையுச்சிக்குக் கீழே சாய்வு நாற்காலியைப் போல, பின்னால் செங்குத்துச் சுவரும் முன்னால் ஒரு வரம்பும் இருக்க வேண்டும். கிரிகல்பொத்தை பக்கத்திலும் தொட்டுபொல பக்கத்திலும் அப்படி ஒன்றும் இல்லை. 'உலக முடிவு' என்று பெயர்பெற்ற விளிம்பில் சுவர் செங்குத்தாக விழுகிறது, உண்மைதான். ஆனால் அது பழைய மேட்டுநிலம் ஒன்றின் ஓரம்.

உயரக் கணக்கைப் போட்டதும் இது தெளிவாயிற்று. வெப்பமண்டலத்தில் இன்று நிலைத்த பனி இருக்கும் இடங்கள் கிளிமஞ்சாரோ (5,895 மீட்டர்) போன்றவை. பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, ஏறத்தாழ 20,000 வருடங்களுக்கு முன், வெப்பமண்டல மலைகளில் பனிக்கோடு, அதாவது வருடம் முழுதும் பனி கரையாமல் நிற்கும் எல்லை, ஆயிரம் மீட்டர் அளவு கீழே இறங்கியது. அப்படி இறங்கியும் அது 3,000 மீட்டருக்குக் கீழே வந்ததற்கு இடமில்லை. பிதுருதலாகலையின் உயரம் 2,524 மீட்டர்தான். இரவில் தண்ணீர் உறைந்திருக்கும். ஒரு வருடத்துப் பனி மறுவருடம் வரை தங்கி, அதன் மேல் பனி ஏறி, அழுந்திக் கட்டியாகி நகர்வதற்கு அந்தக் குளிர் போதாது.

ஆனாலும் பனியுகம் இங்கே வராமல் போகவில்லை. சதுப்பின் ஓரத்தில் நடைபாதைக்கு அருகே கறுப்பாக, நார் நாராக ஒரு மண் தெரிந்தது. செடிகள் முழுதாக அழுகாமல் ஆயிரக்கணக்கான வருடங்களாகப் படிந்த பீட் மண் அது. அந்தச் சதுப்புகளின் அடியில் 20,000 வருடங்களுக்கும் மேற்பட்ட மகரந்தம் அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கிறது. ஆய்வாளர்கள் அதை எடுத்துப் பார்த்தபோது, பனியுகத்தின் உச்சத்தில் பருவமழை மெலிந்து, இந்த ஈரமலை வறண்ட புல்வெளியாக இருந்தது தெரியவந்தது. வடக்கே கடல் நூறு மீட்டருக்கு மேல் இறங்கி, பாக்கு நீரிணை தரையாகிவிட்ட காலம் அது. நான் கீறலைத் தேடிக்கொண்டிருந்தேன். பனியுகமோ காலுக்கடியில் மகரந்தமாகக் கிடந்தது.

இன்னும் பழைய பனியும் உண்டு. ஏறத்தாழ 30 கோடி வருடங்களுக்கு முன், இலங்கையும் இந்தியாவும் அந்தாட்டிக்காவும் கொண்டுவானா என்ற ஒரே நிலமாக ஒட்டியிருந்தபோது வந்த பெரும் பனி. ஒடிசாவின் தால்ச்சேரில் அதன் கற்படுகை இன்றும் இருக்கிறது. 1856இல் அதை ஆராய்ந்தவர்கள் பனிக்கட்டி கொண்டுவந்த படிவு என்று சொன்னார்கள். தட்டை முகமும் கீறலும் கொண்ட கற்கள் அங்கே உண்டு. ஒருநாள் போய் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

மீதி இருந்தது சலிக்காத மண். கொத்மலை ஓயாக் கரையில் ஒரு வாளி மணலும், எங்கள் மேல்மலைக் கானுக்கு (வடிகாலுக்கு) அருகே ஒரு வாளி மண்ணும் எடுத்து உலர்த்திச் சல்லடையில் போட்டேன். ஆற்று மணலில் பெரும்பங்கு ஒரே சல்லடையில் நின்றது. தண்ணீர் தன் பலத்துக்கேற்றதை மட்டும் சுமந்து, மற்றதை விட்டுவிடும். மேல்மலை மண்ணோ எல்லாச் சல்லடையிலும் கலந்து நின்றது. கையளவு கல்லும் களிமாவும் ஒன்றாக. பனிக்கட்டியாறு இப்படித்தான் சலிக்காமல் கொட்டும். ஆகவே கற்களை ஒவ்வொன்றாகக் கழுவிப் பார்த்தேன். ஐம்பது கற்களில் ஒன்றிலும் கீறல் இல்லை, தட்டை முகம் இல்லை. முனைகள் கூராக இருந்தன. எல்லாம் மேலே தெரியும் பாறையின் துண்டுகளே. களிக்குள் ஒரு தேயிலை வேர் மடிந்து புதைந்திருந்தது. பக்கத்தில் உடைந்த பீங்கான் துண்டு ஒன்றும் இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். சலிக்காமல் கொட்டும் இன்னொன்று மண்சரிவு. தேயிலை வந்த பிறகு, மனிதர் குடியிருந்த காலத்தில், இந்தச் சரிவு ஒருமுறை இறங்கியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன காலை எங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஒருமுறை இறங்கிய மண் இறுகாமல் பொலபொலவென்று கிடக்கும். தண்ணீர் ஏறினால் மறுபடியும் இறங்கக்கூடும். அதற்கு நேர் கீழே பன்னிரண்டு குடும்பங்கள் இருக்கின்றன.

ஜூன் முதல் நான் செய்வது வேறு வேலை. கற்கள் கிடக்கும் எல்லையை வரைபடமாக வரைந்தேன். விசிறி போல விரிந்து, லயத்தின் கடைசி வீட்டருகே முடிகிறது. மேலே மூன்று சவுக்கு மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்திருக்கின்றன. வெயில் காலத்திலும் ஓர் இடத்தில் நீர் கசிகிறது. வரைபடத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் கொடுத்து, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பும்படி கேட்டிருக்கிறேன். கானை இலை அடைக்காமல் பார்த்துக்கொள்வதற்குப் பிள்ளைகள் முறை வைத்திருக்கிறார்கள். சரிவுக்கு மேலும் கீழுமாக நான்கு சோடி முளைகளை அலவாங்கால் அடித்து இறக்கி, ஒவ்வொரு ஞாயிறும் இடைவெளியை நாடாவால் அளக்கிறேன். மழை நாளில் அளவை எழுதிக்கொள்வது அக்காவின் மகள். வீட்டு வாசலில் வைத்த போத்தலில் மழை எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே குறிக்கிறாள்.

போன ஞாயிறு வரை நான்கு சோடியிலும் மாற்றம் இல்லை. மூன்றாம் சோடிக்கு மேலே, புல்லுக்குள் விரல் நுழையும் அளவு ஒரு வெடிப்பு இருக்கிறது. அது இன்னும் விரிகிறதா என்று பார்க்க, குறுக்கே சீமெந்துப் பட்டை ஒன்று பூசியிருக்கிறேன். ஒக்டோபர் மழை தொடங்குவதற்குள் அதற்கும் இரண்டு முளைகள் அடிக்க வேண்டும்.