ஒரு கருவுக்காக ஒரு நாள் முழுதும்

ஐ.வி.எஃப். எனும் சோதனைக்குழாய்க் கருத்தரிப்புச் சிகிச்சையில், ஊசி போட்டுக்கொண்ட நாட்களும் கருமுட்டை எடுத்த நாளும் தொல்லையின்றிக் கடந்தன. எங்களை அலைக்கழித்தது, கருவைக் கருப்பையில் வைக்கவிருந்த அன்று காலை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில், மருத்துவமனையில் என் கையில் கொடுத்த ஒப்புதல் படிவம்தான். ஐந்தாம் நாள்வரை நன்றாக வளர்ந்த கருக்கள் இரண்டு இருந்தன. ஒன்றை வைத்து மற்றதை உறையவைப்பது என்று மருத்துவரிடம் முன்பே பேசியிருந்தோம். படிவத்திலோ ‘2’ என்று அச்சாகியிருந்தது.

மாற்றித் தரும்படி கேட்டதற்கு, முகப்பில் இருந்த பெண், “எல்லாரும் இரண்டுதான் வைக்கிறார்கள், ஒரே செலவில் முடிந்துவிடுமே” என்றார். உறையவைக்கத் தனிப் படிவம் உண்டு, அதில் கணவரும் கையெழுத்திட வேண்டும் என்பதையும் அப்போதுதான் சொன்னார். இரண்டு நாள் முன்பு இதற்கென்றே டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து போய், வேறு ஏதேனும் தாள் வேண்டுமா என்று கேட்ட என்னை, ஒன்றும் வேண்டாம் என்று திருப்பியனுப்பியவரும் அவரே. என் கணவர் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்தில் வேலையில் இருந்தார். ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரிவதற்காகச் சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்த நான், அவர் வண்டியோட்டி வந்து சேர்ந்தபின் மறுபடியும் முதலிலிருந்து குடிக்க வேண்டியதாயிற்று.

இங்கே மெடிக்கல் எய்ட் எனும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் ஐ.வி.எஃப். செலவை ஏற்பதில்லை; ஆகவே இரண்டையும் ஒருசேர வைத்துவிடும் ஆசை எங்களுக்கும் இருந்தது. ஆனால் இரட்டையரில் பாதிக்கு மேற்பட்டோர் 37 வாரம் நிறையும் முன்பே பிறக்கிறார்கள், தாய்க்கு இரத்தக் கொதிப்பு ஏறும் அபாயமும் கூடுகிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் 36 வயதுக்குட்பட்ட பெண்களிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டை ஒன்றாக வைத்தவர்களில் 42.9 சதவீதத்தினருக்கும், ஒன்றை வைத்துத் தவறினால் உறையவைத்த இன்னொன்றை வைத்தவர்களில் 38.8 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. அப்பிரசவங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தவை முதல் வகையில் 33.1 சதவீதம், இரண்டாம் வகையில் 0.8 சதவீதம். குழந்தை பிறக்கும் வாய்ப்பில் வரும் அந்தச் சிறு இழப்புக்கு நான் மனமொப்பினேன். வயது கூடியவர்களுக்கும் கருவின் தரம் குறைந்தவர்களுக்கும் இந்தக் கணக்கு மாறும் என்பதால் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

முதல் முறை கரு தங்கவில்லை. “அன்றைக்கே ரெண்டையும் வைத்திருக்கலாமே, அம்மா” என்று மாமியார் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்த வாரம் முழுதும் அழுதேன்.

உறையவைத்த கருவுக்கான நாள் வந்தபோது, ஒரு வாரம் முன்பே எல்லாப் படிவங்களையும் வாங்கி, கருக்களின் எண்ணிக்கையை எங்கள் கையாலேயே ‘1’ என்று எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நகலும் எடுத்துக்கொண்டோம். உறையவைப்பதற்கான ஆண்டுக் கட்டணத்தையும் முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள். எங்களுக்கு அது பில்லில்தான் தெரிந்தது. இப்போது எனக்கு 22ஆம் வாரம். ஸ்கேனில் ஒரே ஓர் இதயத் துடிப்பு, சீராகக் கேட்கிறது.