கழுத்தில் கட்டிய நெறி

சென்ற ஆண்டு மாசி மாதம், உப்புவெளியிலுள்ள எங்கள் வீட்டில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது, வலப்பக்கக் கழுத்தில் புளியங்கொட்டை அளவான நெறியொன்று கையில் தட்டுப்பட்டது. தொண்டை நோவோ, பற்சூத்தையோ, தலையில் புண்ணோ இல்லை. இரண்டு கிழமையில் வற்றிவிடுமென்று விட்டிருந்தேன். ஆறு கிழமை கடந்தும் வற்றாததோடு, அருகே இன்னொன்றும் திரண்டது. பெரியப்பாவின் புற்றுநோயும் கழுத்து நெறியிலேதான் முதலில் தெரியவந்தது என்பதால், இரவுகளில் அதைத் தடவித் தடவியே விழித்துக் கிடந்தேன்.

வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நிபுணர் எனக்குப் பின்னால் நின்று, தாடையின் கீழிருந்து காறை எலும்புவரை இரு கை விரல்களாலும் நிதானமாகத் தடவி, பின்பு அக்குளையும் தொடையிடுக்கையும் பார்த்தார். உடல் மெலிந்ததா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, இரவில் சட்டை நனைய வியர்க்கிறதா என்று கேட்டார். மூன்றுக்கும் ஆம் என்றேன்.

"இவையெல்லாம் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயிலும் வரும், காசநோயிலும் வரும், தம்பி. ஊசி குத்திப் பார்த்தால்தான் தெரியும். அதுவரை அதை அமத்திப் பார்க்க வேண்டாம்" என்றார்.

நோவோடு விரலுக்கு வழுக்கும் சிறு நெறி பெரும்பாலும் தொற்றினால் வருவது என்றும், கல்லாக இறுகி ஒட்டிக் கிடப்பதையும் காறை எலும்புக்கு மேலே கட்டுவதையும் தாமதிக்காமல் சோதிக்க வேண்டும் என்றும் அவர் விளக்கினார். அந்த விளக்கத்தை ஆறு கிழமைக்கு முன்பே கேட்டிருக்கலாமே என்று இன்றும் வருந்துகிறேன்.

ஊசி குத்தியது ஒரு நிமிடம்கூட இல்லை. முடிவுக்காகக் காத்திருந்த பத்து நாட்களே கொடியவை. காசநோய் என்று அறிக்கை வந்தபோது அம்மா விம்மி அழுதார், நானோ நிம்மதியாக மூச்சுவிட்டேன். ஆறு மாதச் சிகிச்சை இலவசமாகவே கிடைத்தது: முதல் 2 மாதம் நான்கு மருந்துகள், அடுத்த 4 மாதம் இரண்டு. அம்மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகுமென்று முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை.

அம்மா எனக்கென்று தனிக் கோப்பையும் தட்டும் எடுத்து வைத்திருந்தார். நெஞ்சுப் படத்தில் நுரையீரல் சுத்தமாக இருப்பதையும், நெறியில் மட்டும் உள்ள காசநோய் மற்றவருக்குத் தொற்றாது என்பதையும் கிளினிக்கில் தாதி அவருக்குப் பொறுமையாகச் சொன்னார். அன்று மாலை அம்மா அந்தக் கோப்பையைக் கழுவி, மற்றக் கோப்பைகளோடு அடுக்கி வைத்தார்.