உன்னிச்சை வரை இரண்டு சைக்கிள், ஒரே சோடி டயர்

ஒருவழியாக இரண்டு சைக்கிளிலும் ஒரே சோடி டயரை மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டியாயிற்று. முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக் கிரவல் ரோட்டில் என்னுடைய ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிள்) தோற்கவில்லை. சுவிஸில் இருந்து மச்சான் கொண்டுவந்து இங்கேயே விட்டுப்போன, முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன் உள்ள ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிள் விலையில் என்னுடையதைப் போல மூன்று மடங்கு. "அரை விலைக்குத் தாறன், உன்டத வித்துப்போட்டு இத எடு" என்று போன் எடுக்கும்போதெல்லாம் ஒரே கதை. எடுப்பதா விடுவதா என்று பார்க்கத்தான் இவ்வளவு பாடும்.

பிராண்ட் பெயர் எழுதப்போவதில்லை. எழுதினால் பேச்சு அதிலேயே நின்றுவிடும். இரண்டும் 29 அங்குலம். என்னுடையது முன்னால் 130 மில்லிமீற்றர் அமுங்கும் ஏர் ஃபோர்க், ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கின் சாய்வு) 66 பாகை, ஷிமானோ டியோர் 11 ஸ்பீட் கியர். மச்சானுடையது முன்னால் 150, பின்னால் 140, ஹெட் ஆங்கிள் 64.5, டியோர் 12 ஸ்பீட், ஒன்றரைக் கிலோ கூடுதல் பாரம். பின் ஷொக் முழுதாக அமுங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 50 மில்லிமீற்றர். முழு உடுப்போடும் தண்ணீர்ப் பையோடும் ஏறி இருந்து சேக்கை, அதாவது என் பாரத்துக்கு ஷொக் அமுங்கி நிற்கும் அளவை, 15 மில்லிமீற்றருக்கு வைத்தேன். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

ஓடிய பாதை வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை, அப்புறம் உன்னிச்சைக் குளக்கட்டு. தார் ரோட்டை முடிந்தவரை விட்டுவிட்டு வாய்க்கால் கட்டு, மாட்டு வண்டிப் பாதை, அறுவடை முடிந்த வயல் என்று இறங்கினேன். காலையில் மட்டும்தான் நேரம் எடுத்தேன். இந்த மாதங்களில் பொழுது ஏறக் கச்சான் காற்று எழும்பிவிடும். மேற்கே போகும்போது அது நெஞ்சில் அடித்தால் எந்தச் சைக்கிளும் ஒரே மாதிரித்தான் ஊரும், ஸ்ட்ராவா செயலி காட்டும் நேரத்துக்கும் பெறுமதி இல்லை. பின்னேரம் அந்தப் பக்கம் நிற்காததற்கு யானையும் காரணம். நாலு மணிக்கு மேல் குளத்தடியில் சைக்கிள் சோதிக்கிற ஆள் நான் இல்லை.

இனி டயர் கதை. வித்தியாசம் சைக்கிளால் வந்ததா டயரால் வந்ததா என்று குழம்பக்கூடாது என்றுதான் ஒரே சோடி. சில்லையே மாற்றிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். முன் சில்லு சரி, இரண்டுக்கும் அச்சு அளவு ஒன்றுதான், 110-க்கு 15 மில்லிமீற்றர். பின்னால் இரண்டும் பூஸ்ட் 148 அச்சுத்தான், ஆனால் கசெட் (பின் பல்லுச்சக்கர அடுக்கு) ஏறும் ஃப்ரீஹப் வேறு: என்னுடையது பழைய எச்ஜி வகை, 11-51 கசெட். அவனுடையது மைக்ரோ ஸ்ப்லைன், 10-51. கியர் மாற்றும் என் டெரெயிலர் அந்த 12 சக்கர அடுக்கில் நேராக நிற்காது. அதோடு டிஸ்க் ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் பிரேக் உரசும், ஒவ்வொரு முறையும் பிரேக் கட்டைகளைத் தாங்கும் கலிப்பரைத் தளர்த்தி நடுவில் கொண்டுவர வேண்டும். ஆகவே டயரைத்தான் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. டியூப்லெஸ். உள்ளே டியூப் இல்லாமல், துளையை அடைக்கும் சீலன்ட் என்ற திரவம் ஊற்றிய டயர். கையெல்லாம் வெள்ளைப் பசை, அமோனியா நாற்றம்.

கையால் அடிக்கும் பம்பில் புது டயரின் பீட், அதாவது ரிம்மில் உட்காரும் விளிம்பு, சில நேரம் ஏறும். ஒருமுறை கழற்றிய டயர் ஏறாது. ரிம்முக்கும் டயருக்கும் இடையால் காற்று போய்க்கொண்டே இருக்கும், நீங்கள் அடித்துக்கொண்டே இருப்பீர்கள். அதனால் லொறி டயர் ஒட்டும் கடைக்குத்தான் போனேன். "இதுக்குள்ள டியூப் இல்லையா மனே?" என்று கேட்டார் கடைக்காரர். "இல்ல மாமா, பால் மாதிரி ஒன்டுதான் இருக்கு" என்றேன். சிரித்தார், நம்பவில்லை.

அங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வுக்குப் பித்தளை அடாப்டர் போட்டுக் கொம்ப்ரஸரில் பிடித்தால் காற்று மெதுவாகத்தான் போகும், பீட் ஏறப் போதாது. வால்வின் உள் கோரைக் கழற்றிவிட வேண்டும். கழற்றினால் அடாப்டர் பிடிக்க இடம் இல்லை, அதன் மரையே கோரில்தான் இருக்கிறது. ஆகவே கடைக்காரர் தூசி ஊதும் காற்றுத் துப்பாக்கியை எடுத்து, நுனியில் ஒரு ரப்பர்த் துண்டைச் செருகி, வெறும் வால்வுத் தண்டில் அழுத்திப் பிடித்தோம். அதற்கு முன் பீட் முழுவதும் சவர்க்காரத் தண்ணீர், சில்லைத் தரையில் வைக்காமல் கயிற்றில் தொங்கவிட்டபடி. ஒரே மூச்சாக ஊதாமல் குட்டிக் குட்டியாக ஊத வேண்டும். மீற்றர் இல்லாத காற்று, லொறிக்கு அடிக்கிற கொம்ப்ரஸர், ரிம்மில் போட்டிருக்கும் எல்லையைத் தாண்டினால் டயர் கழன்று முகத்தில் அடிக்கும். டப், டப் என்று இரண்டு பக்கமும் ஏறியவுடன் நிறுத்திவிடுங்கள். காற்றுப் போகட்டும், பீட் இடத்திலேயே நிற்கும். பிறகு அந்தத் தண்டு வழியாகவே 110 மில்லிலீற்றர் சீலன்ட் விட்டு, கோரைப் பூட்டி, சாதாரண பம்பால் அடித்தால் போதும்.

ரிம்மின் உள்ளே ஓட்டைகளை மூடி ஒட்டும் ரிம் டேப்பிலும் கஞ்சத்தனம் வேண்டாம். ரிம்மின் உள்ளகலம் 30 மில்லிமீற்றர் என்றால் 32-க்குக் குறையாத டேப் வேண்டும். பொதி ஒட்டும் டேப் போட்டுச் சமாளிக்கலாம் என்று சொல்கிறவர்கள் மட்டக்களப்பு வெயிலில் ஒரு நாள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து பேசட்டும்.

சரி, ஓட்டம். டயர் 2.4 அங்குல அகலம், என் பாரம் 72 கிலோ. முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ. இரண்டு சைக்கிளுக்கும் இதே காற்று, டிஜிட்டல் மீற்றரால் பார்த்தது.

உழவு மெஷினும் டிப்பரும் ஓடி அலை அலையாக்கிய கிரவலில் நேரத்தில் வித்தியாசம் சொல்லுமளவுக்கு இல்லை. முன்பு டியூப் போட்டு 35-ல் ஓட்டும்போது இதே ரோட்டில் உள்ளங்கை விறைத்துப்போகும். அந்த விறைப்பைப் போக்கியது ஃபிரேம் இல்லை, காற்றுக் குறைந்த டயர். மணலிலும் அப்படியே: இருக்கையில் பின்னுக்கு இருந்து, ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், சின்ன கியரில் விடாமல் மிதித்தால் இரண்டும் போகின்றன. 64.5 பாகை முன் சில்லு மெதுவாகப் போகும்போது கொஞ்சம் தள்ளாடுகிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. ஓடும்போதே இருக்கையை இறக்கி ஏற்றும் ட்ரொப்பர் போஸ்ட்டைப் பற்றி என்ன சொல்ல? மலையே இல்லாத இடத்தில் அது ஏறி இறங்க வசதி.

ஆனால் எருமை நடந்த வயலில் கதை வேறு. ஈரத்தில் பதிந்த குளம்படி வெயிலில் காய்ந்து கல்லாகிவிடும், குழி ஒவ்வொன்றும் சில்லை வேறு பக்கம் திருப்பும். ஹார்ட்டெயிலில் இருக்கையில் இருக்கவே முடியாது. நின்று ஓட்டி முழங்காலால் வாங்கி வாங்கித் தொடை கழன்றுவிட்டது. மச்சானுடையதில் இருந்தபடியே மிதித்துப் போனேன். குளத்துக்கு அப்பால் பாறைத் துண்டுகள் கிடக்கும் இறக்கத்திலும் அதுதான் ராஜா. பின் சில்லு கல்லைக் கட்டிப்பிடித்தபடி இறங்குகிறது, என்னுடையது குதிக்கிறது. அங்கே நேர வித்தியாசத்தைப் பார்க்கவே தேவையில்லை, பிரேக்கை எத்தனை இடத்தில் தொட்டேன் என்பதே போதும்.

தம்பியின் 26 அங்குலச் சைக்கிளையும் கொண்டுபோனோம், பின்னால் பெரிய ஸ்பிரிங் வைத்த 'மவுண்டன் பைக்'. மிதிக்கிற பலத்தில் பாதி அந்த ஸ்பிரிங்குக்கே போகிறது. மணலில் இறங்கித் தள்ளினான். வேறொன்றும் எழுத இல்லை.

தயிர்ச் சட்டி வாங்க நின்ற இடத்தில் பால் கொண்டுவந்த பெரியவர் ஃபுல் சஸ்பென்ஷனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கரியல் எங்க மனே, இதில பால்கான் எப்படிக் கட்டுற?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மச்சானிடம் கேட்கச் சொன்னேன்.

நெருஞ்சி முள்ளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சவாரி முடிந்து பார்த்தால் பின் டயரில் ஏழெட்டு நிற்கும். அங்கேயே பிடுங்க வேண்டாம், வீட்டுக்கு வந்து பிடுங்கிச் சில்லைச் சுற்றிவிட்டால் சீலன்ட் அடைத்துவிடும். நம் சூட்டில் சீலன்ட் போத்தலில் எழுதியிருக்கும் மாதக்கணக்குக்கு முன்பே காய்கிறது. டயரைக் காதுக்குப் பக்கத்தில் குலுக்கி, சத்தம் வராவிட்டால் ஊற்றுங்கள். ஊற்றத்தான் இல்லை என்பது வேறு பிரச்சினை. திரவம் என்று சொன்னாலே கூரியர்காரர் முகம் சுளிக்கிறார், கடைசியாக வந்த போத்தல் பாதி பெட்டிக்குள் கொட்டிக் கிடந்தது. கொழும்புக்குப் போய் வருகிற யாராவது பையில் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு.

மச்சானுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. குடும்பிமலை அடிவாரத்தில் இரண்டையும் ஓட்டிப் பார்க்க வேண்டும். மாரி தொடங்கினால் கிரான் பக்கம் தண்ணீர் ரோட்டுக்கு மேலால் பாயும், அதற்குள் முடிக்க வேண்டும். அதற்கிடையில் என்னுடையதன் பின்னால் 2.6 டயர் போகுமா என்று செயின்ஸ்டேயை (பின் சில்லின் இரு பக்கமும் போகும் ஃபிரேம் குழாயை) அளந்து பார்த்தேன். இப்போதைய 2.4-க்கே ஒரு பக்கம் 6 மில்லிமீற்றர்தான் இடைவெளி. காய்ந்த மண்ணுக்குச் சரி, களி ஒட்டினால் உரசும். பழைய 2.6 ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் புதுசுக்குக் காசு.